இழப்பை எழுத்தாக்குவது எப்படி: சொந்தத் துயரத்திலிருந்து படைப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இழப்பை எழுத உட்காருவோர் பெரும்பாலும் முதலில் எழுதுவது தங்கள் அழுகையைத்தான். நெஞ்சு கனத்தது, உலகம் இருண்டது, வாழ்வே பொருளற்றுப் போனது என்று பக்கங்கள் நிறைகின்றன. அவை யாவும் உண்மை. எழுதியவர் எதையும் மிகைப்படுத்தவில்லை. ஆயினும் படிக்கும் அயலாரிடம் அந்தப் பக்கங்கள் எந்த அசைவையும் ஏற்படுத்துவதில்லை, ஏனெனில் மறைந்தவர் யார் என்பதே அவருக்கு இன்னும் தெரியாது. தெரியாத ஒருவருக்காக எவரும் ஏங்க இயலாது. ஆகவே இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் ஒரே நோக்கத்தைக் கொண்டவை: துயரத்தை எழுதும் முன்பு மறைந்தவரை எழுத வேண்டும். அவர் பக்கத்தில் நடமாடத் தொடங்கிவிட்டால், அவர் இல்லாமற்போன வலியை வாசகர் தாமாகவே அடைந்துவிடுவார்.

மரணத்தை மட்டும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு (பிறரால் இகழப்படுதல்), இழவு (இழத்தல்), அசைவு (முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதல்), வறுமை என நான்கைக் கூறுகிறது. இறப்பு அவற்றுள் ஒன்றன் ஒரு பகுதி மட்டுமே. முறிந்த மணவாழ்வு, விட்டுவர நேர்ந்த வீடு, பேச்சு நின்றுபோன நட்பு, பிறக்காமற்போன குழந்தை ஆகிய அனைத்தும் எழுத்துக்குரிய இழப்புகளே. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது, ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்றே உறுதியாகச் சொல்ல முடியாத நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்னும் பொருள்படப் பெயரிட்டார். மறதி நோயால் பிள்ளைகளையே அடையாளம் காணாத தாயின் மகளும் இந்த நிலையில்தான் வாழ்கிறாள். அவளுடைய துயரத்துக்குச் சடங்கும் இல்லை, நாள் குறித்த முடிவும் இல்லை என்பதனாலேயே, அவளுக்கு எழுத்து கூடுதலாகத் தேவைப்படலாம்.

முதல் படி: இப்போது எழுதலாமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்

எழுதினால் மனப்பாரம் இறங்கும் என்பது பரவலான நம்பிக்கை. அதற்கு ஓரளவு அடிப்படையும் உண்டு. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடங்கள் எழுதினர். வாழ்வின் கொடிய அனுபவத்தை, நிகழ்ச்சியும் உணர்வும் சேர எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குச் செல்வது குறைந்தது. ஆனால் அதே ஆய்வு காட்டிய இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை முன்பைவிட மோசமாக இருந்தது. மேலும், உற்றாரை இழந்தவர்களிடம் தனியாக நடத்தப்பட்ட பிற்கால ஆய்வுகளில் பலன் இவ்வளவு தெளிவாகப் புலப்படவில்லை. எனவே எழுத்தை மருந்தாக எண்ணி அதனிடம் செல்லாதீர்கள்; எழுத வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் செல்லுங்கள்.

உறக்கமும் உணவும் பல வாரங்களாகக் குலைந்திருந்தால், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால், எழுதுவதை நிறுத்திவிட்டு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நாடுவதே முதல் வேலை. நீடித்த துயரம் சிகிச்சைக்குரிய ஒரு நிலை என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பும் ஏற்றுக்கொண்டுள்ளது. உதவி நாடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இந்த நிலையில் இல்லாதவர்கள், தாம் எழுதும் நேரத்துக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் போதும். எழுதி முடித்ததும் செய்ய வேண்டிய வேறொரு வேலையை, இயன்றால் இன்னொரு மனிதரோடு செய்யக்கூடிய வேலையை, முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உறங்கப் போகும் முன்பு மட்டும் இதை எழுத வேண்டாம்.

இரண்டாம் படி: குறிப்பை உடனே எழுதுங்கள், படைப்பைக் காக்க வையுங்கள்

எவ்வளவு காலம் கழித்து எழுத வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது, ஏனெனில் இங்கே இரண்டு வேலைகள் உள்ளன. குறிப்பு எடுப்பது முதல் வேலை. அதை இழப்பு நேர்ந்த நாளிலிருந்தே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஒருவருடைய குரலின் ஏற்ற இறக்கம், படியேறும்போது எழும் காலடியின் சந்தம், கோபம் வந்தால் எந்தச் சொல்லை முதலில் எடுப்பார் என்பது போன்றவை நாம் எண்ணுவதைவிட விரைவாக நினைவிலிருந்து நழுவுகின்றன. அவற்றைத் தேதியிட்டு, அழகு பார்க்காமல், அரைகுறை வாக்கியங்களாகவே எழுதி வையுங்கள்.

படைப்பாக்குவது இரண்டாவது வேலை. அதற்கு இடைவெளி தேவை. ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் தம் நண்பர் ஆர்தர் ஹேலமை 1833இல் இழந்தார். அந்த இழப்பைப் பாடும் நெடுங்கவிதை 1850இல்தான் வெளிவந்தது. அந்தப் 17 ஆண்டுகளும் அவர் வாளாவிருக்கவில்லை. தனித்தனிப் பகுதிகளாக எழுதிச் சேர்த்துக்கொண்டே வந்தார். உங்களுக்கு அத்தனை காலம் வேண்டியிராது. ஓர் எளிய சோதனை உண்டு: உங்கள் பத்தியில் ஒரு வாக்கியம் வலுவற்று இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை மறைந்தவருக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறீர்களா, வாக்கியத்தைப் பற்றிய கருத்தாக எடுத்துக்கொள்கிறீர்களா? முதலாவது என்றால் இன்னும் குறிப்பு எடுக்கும் காலத்தில்தான் இருக்கிறீர்கள்.

மூன்றாம் படி: உணர்வுகளை விட்டுவிட்டு விவரங்களைத் திரட்டுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு தாளை எடுத்து, அவர் அன்பானவர், உழைப்பாளி, எல்லோருக்கும் உதவியவர் என்று எழுதத் தோன்றும் ஒவ்வொரு முறையும், அதற்குப் பதிலாக அவர் செய்த ஒரு செயலை எழுதுங்கள். அன்பானவர் என்பது இரங்கற்கூட்டத்தில் எவரைப் பற்றியும் சொல்லப்படும் சொல். கடிதத்தை உறையில் இடும் முன்பு உரக்க ஒரு முறை படித்துப் பார்ப்பார் என்பது ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் உரியது.

திரட்டுவதற்குச் சில கேள்விகள் உதவும். அவர் எதைத் தூக்கிப் போட மறுத்தார்? தொலைபேசியை எடுத்ததும் எப்படிப் பேசத் தொடங்குவார்? தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எப்போது காட்டிக்கொண்டார்? அவருடைய எந்தப் பழக்கம் உங்களுக்கு எரிச்சல் ஊட்டியது? நீங்கள் அவரிடம் மறைத்தது என்ன, அவர் உங்களிடம் மறைத்து நீங்கள் பின்னர் அறிந்தது என்ன? கடைசிக் கேள்விகள் கடினமானவை, ஆனால் பெரும்பாலும் அவற்றிலிருந்தே படைப்பு பிறக்கிறது. எரிச்சலூட்டிய பழக்கங்களை எழுதினால் மறைந்தவருக்குச் சிறுமை வந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். குறையற்றவராகத் தீட்டப்பட்டவரை வாசகர் நம்புவதில்லை, நம்பாத ஒருவருக்காக வருந்துவதும் இல்லை.

உங்கள் நினைவை மட்டும் சார்ந்திருக்கவும் வேண்டாம். அவரோடு வேலை செய்தவர், பள்ளியில் உடன் படித்தவர், பக்கத்து வீட்டில் இருந்தவர் ஆகியோரிடம் கேளுங்கள். உங்களுக்குத் தந்தையாக மட்டும் தெரிந்த மனிதர் இன்னொருவருக்குக் குறும்புக்காரத் தோழராக இருந்திருப்பார். அந்த இருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தும்போது அவர் முழு உருவம் பெறுகிறார். பழைய நாட்குறிப்பு, மருந்துச் சீட்டு, கணக்கு நோட்டு, புகைப்படத்தின் பின்பக்கத்தில் எழுதியது ஆகியவற்றையும் தேடிப் பாருங்கள். கையெழுத்து தானே பேசும் சான்று.

நான்காம் படி: ஒரு சிறு வாயிலைத் தேர்ந்தெடுங்கள்

திரட்டியது நிறைய இருக்கும்போது அனைத்தையும் சொல்லிவிட ஆசை எழும். பிறப்பில் தொடங்கி இறப்பு வரை எழுதினால் அது வாழ்க்கைக் குறிப்பாகிவிடும். ஒரு பொருளையோ, ஒரு மணி நேரத்தையோ, விடை கிடைக்காத ஒரு கேள்வியையோ தேர்ந்தெடுத்து, மற்றவை அதன் வழியாகவே உள்ளே வர அனுமதியுங்கள்.

எடுத்துக்காட்டாக, தந்தையை இழந்த ஒருவர் இவ்வாறு எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: “அப்பா போன பிறகு வீடே வெறுமையாகிவிட்டது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அவர் நினைவு என்னை வாட்டியது. அவர் எதையும் ஒழுங்காகச் செய்பவர்.” இதில் பொய் இல்லை; ஆனால் எந்த மகனும் எந்தத் தந்தையைப் பற்றியும் இதை எழுதலாம். அவரிடம் ஒழுங்கு என்றால் என்ன, எந்தப் பொருள் என்று கேட்டுக்கேட்டு எழுத வைத்தால் பத்தி இப்படி மாறக்கூடும்: “சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. இறக்கிப் பின்மூடியைத் திறந்தேன். பேட்டரியின் மேல் நீல மையில், அதைப் போட்ட தேதியை அப்பா எழுதியிருந்தார். பேட்டரி எத்தனை மாதம் உழைத்தது என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டுமாம். புதியதை வாங்கி வந்து, பேனாவைத் திறந்துகொண்டு நின்றேன். யாரிடம் சொல்வதற்காக இந்தத் தேதி என்று தெரியவில்லை. எழுதினேன்.”

இரண்டாவது பத்தியில் வெறுமை, வாட்டம், நினைவு என்ற சொற்கள் எவையும் இல்லை. அவரது ஒழுங்கும், அதிலிருந்த சிறு பிடிவாதமும், அது மகனிடம் இறங்கியதும் ஒரு செயலிலேயே வந்துவிட்டன. தேர்ந்தெடுக்கும் பொருள் இப்படி மறைந்தவரின் குணத்தைத் தன்னுள் வைத்திருக்க வேண்டும். காலி நாற்காலி, அணைந்த விளக்கு, உதிர்ந்த இலை, சாவன்று பெய்த மழை ஆகியவை பலராலும் பலமுறை எடுக்கப்பட்டவை; உங்கள் மனிதரோடு தனித்த உறவு அவற்றுக்கு இருந்தாலொழிய அவற்றை விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: வடிவத்தையும் தொலைவையும் தீர்மானியுங்கள்

நடந்ததை நடந்தபடி சொல்லும் நினைவுக் கட்டுரையா, சிறுகதையா, கவிதையா, மறைந்தவருக்கு எழுதும் கடிதமா என்பதை, எவ்வளவு அருகில் நின்று உங்களால் எழுத இயலும் என்பதை வைத்தே முடிவு செய்யலாம். தன்மையில் எழுதும்போது கை நடுங்கினால், அதே காட்சியைப் படர்க்கையில் எழுதிப் பாருங்கள். “நான்” என்பதை “அவள்” என்று மாற்றியதுமே எழுதுபவருக்கும் காட்சிக்கும் நடுவில் மூச்சுவிட இடம் பிறக்கும். பிறகு தேவைப்பட்டால் தன்மைக்குத் திரும்பலாம். புனைவாக மாற்றுவோர், பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றுவதோடு நில்லாமல், உறவையே மாற்றிப் பார்க்கலாம். தங்கையை இழந்தவர் ஆசிரியரை இழந்த மாணவனைப் படைத்தால், நடந்த நிகழ்ச்சிகளின் பிடியிலிருந்து கதை விடுபடும். துயரத்தின் உண்மை மட்டும் அதில் தங்கும்.

தமிழில் எழுதுவோருக்கு இந்த இடத்தில் பெரும் செல்வம் ஒன்று உண்டு. தலைவனை இழந்து செயலற்று நிற்போர் பாடும் கையறுநிலை என்னும் துறையில் அமைந்த புறநானூற்றுப் பாடல்களை ஒரு மாணவரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். சாத்தன் என்னும் தலைவன் மாய்ந்த பின்னர்க் குடவாயிற் கீரத்தனார் பாடிய 242ஆம் பாடலில், புலவர் தம் நெஞ்சைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. பூவை இளைஞர் சூடவில்லை, மகளிர் கொய்யவில்லை, பாணனும் பாடினியும் அணியவில்லை என்று அடுக்கிவிட்டு, அவன் இல்லாத நாட்டில் நீயும் பூக்கிறாயோ என்று முல்லையிடம் கேட்கிறார். தம்மையே கேட்டுக்கொள்ளாமல் பேச்சை ஒரு செடியை நோக்கித் திருப்பியதால், துயரம் நாடு முழுவதையும் தழுவுகிறது. பாரியின் மகளிர் பாடிய 112ஆம் பாடல் ஐந்தே அடிகள் கொண்டது. அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையதாயிருந்தது; இன்றைய நிலவில் குன்றும் இல்லை, தந்தையும் இல்லை என்று இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைத்ததோடு அது நின்றுவிடுகிறது. மாறாத ஒன்றை நடுவில் நிறுத்தி, அதன் இருபுறமும் மாறியதைக் காட்டும் இந்த முறையை நாவலிலும் கட்டுரையிலும் தாராளமாகக் கையாளலாம்.

ஆறாம் படி: முதல் வரைவு

வரைவை எழுதும்போது பலரைத் தவறான பாதையில் இட்டுச்செல்வது, துயரம் ஐந்து கட்டங்களாக நகர்ந்து ஏற்பில் முடியும் என்ற எண்ணம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்னும் அந்த வரிசையை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, தம் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதன் அடிப்படையில். இழந்து நிற்பவர்களின் துயரத்துக்கு அதைக் கால அட்டவணையாக்கியது பிற்காலப் பழக்கம். அந்த வரிசைப்படி அத்தியாயங்களை அமைத்தால் வாசகர் அடுத்ததை முன்கூட்டியே அறிந்துவிடுவார். 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் ஆகிய உளவியலாளர்கள் முன்வைத்த விளக்கம் எழுத்தாளருக்கு மிகவும் பயன்படுவது என்பது என் கருத்து. துயருறுபவர் ஒரு நேரம் இழப்பை நோக்கித் திரும்புகிறார், மறு நேரம் வாழ்வின் அன்றாட வேலைகளை நோக்கித் திரும்புகிறார், இரண்டுக்கும் இடையில் மாறி மாறி ஊசலாடுகிறார் என்கிறது அது. வங்கிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர், உறவுமுறை என்ற கட்டத்துக்கு வந்ததும் உடைந்துபோவதும், இறுதிச் சடங்கன்று யாரோ சொன்ன பழைய கதைக்கு எல்லோரும் சிரித்துவிடுவதும் இந்த ஊசலாட்டத்தின் முகங்கள். உங்கள் வரைவும் அப்படி மாறி மாறி நடக்கட்டும். சிரிப்பு வரும் இடத்தை வெட்டாதீர்கள். நெடுநாள் நோயுற்றவர் மறைந்தபோது எழுந்த நிம்மதியையும், அதைத் தொடர்ந்த குற்றவுணர்வையும் மறைக்காதீர்கள்.

மரணத் தருணத்தைக் காட்ட வேண்டுமா என்பதை ஒவ்வொருவரும் தனியே முடிவு செய்ய வேண்டும். அந்தக் காட்சி உங்களைத் துரத்திக்கொண்டிருக்கிறது என்பதாலேயே படைப்புக்கு அது தேவை என்று ஆகிவிடாது. மருத்துவமனைக் காட்சியை எழுதி, தனியே எடுத்து வைத்துவிட்டு, அது இல்லாமல் படைப்பு நிற்கிறதா என்று பாருங்கள். பல நேரங்களில் நிற்கும். நிற்கவில்லையென்றால் அதைச் சேர்த்துக்கொண்டு, உடலுக்கு நேர்ந்ததைவிட அங்கே பேசப்பட்ட சொற்களுக்கும் பேசப்படாமல் போனவற்றுக்கும் கூடுதல் இடம் கொடுங்கள்.

ஏழாம் படி: திருத்தம்

வரைவை முடித்துச் சில வாரங்கள் ஒதுக்கி வைத்துவிட்டு, உரக்கப் படியுங்கள். சோகம், வேதனை, கண்ணீர், வலி என்னும் சொற்கள் வரும் இடங்களில் கோடிட்டு, ஒவ்வொன்றையும் நீக்கிப் பாருங்கள். அருகிலுள்ள செயல் அந்த உணர்வைத் தாங்கிக்கொண்டால் சொல் தேவையில்லை. தாங்காவிட்டால் பலவீனமாக இருப்பது செயல்தான், அதையே திருத்த வேண்டும். வியப்புக்குறிகளையும், வரி முடிவில் தொங்கும் புள்ளிகளையும் பெரும்பாலும் அழித்துவிடலாம்.

முடிவை மட்டும் தனியாகச் சோதியுங்கள். எல்லாம் நன்மைக்கே, காலம் ஆற்றும், அவர் எங்கிருந்தாலும் பார்த்துக்கொண்டிருப்பார் என்று முடிக்கத் தோன்றுவது வாசகரை ஆறுதலோடு அனுப்பிவைக்கும் நல்லெண்ணத்தால். நீங்கள் உண்மையாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தால் எழுதுங்கள். வந்து சேரவில்லையென்றால், நீங்கள் நிற்கும் இடத்திலேயே எழுத்தை நிறுத்துவதுதான் நேர்மை.

எட்டாம் படி: உடன் இழந்தவர்களை எண்ணிப் பாருங்கள்

உங்கள் தந்தை உங்களுக்கு மட்டும் தந்தையாக இருந்திருக்க மாட்டார். அதே மரணம் உங்கள் தாயிடமும் உடன்பிறந்தாரிடமும் வேறு வடிவில் வாழ்கிறது, அவர்கள் நினைவு உங்கள் நினைவோடு முரண்படவும் செய்யும். வெளியிடும் முன்பு, பக்கத்தில் இடம்பெறும் நெருங்கியவர்களுக்குப் படிக்கக் கொடுங்கள். அவர்கள் சொல்லும் எல்லாத் திருத்தங்களையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நிகழ்ச்சியில் பிழை இருந்தால் திருத்துவதும், உயிரோடு இருப்பவரின் நோய், கடன், மணமுறிவு போன்றவை படைப்புக்கு இன்றியமையாதவையாக இல்லாதபோது நீக்குவதும் கடமை. நினைவுகள் முரண்படும் இடத்தில், “அம்மா இதை வேறு விதமாகச் சொல்வார்” என்று எழுதி இரண்டையும் வைக்கலாம். அது படைப்புக்கு வலுவே சேர்க்கும்.

மறைந்தவர் இனி மறுப்புச் சொல்ல இயலாதவர் என்பதால் அவர் காத்துவந்த இரகசியங்களில் கூடுதல் கவனம் தேவை. புனைபெயரும் ஒரு வழிதான். எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் தம் மனைவி 1960இல் மறைந்தபின் எழுதிய துயரக் குறிப்புகளை 1961இல் என். டபிள்யூ. கிளார்க் என்ற பெயரில்தான் வெளியிட்டார்.

ஒன்பதாம் படி: முதல் வாசகரும் வெளியீடும்

முதல் வாசகராக, மறைந்தவரை அறியாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அறிந்தவர்கள் பக்கத்தில் இல்லாததையும் தம் நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டு படித்துவிடுவார்கள். “எப்படி இருக்கிறது” என்று பொதுவாகக் கேட்டால், உங்கள் இழப்பை மதித்து, நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். “படித்து முடித்தபின் அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிகிறது, மூன்று செய்திகள் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர் சொல்லும் மூன்றும் உங்கள் வேதனையைப் பற்றியவையாக இருந்தால், மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

வெளியீட்டை நினைவு நாளோடு பொருத்துவதைத் தவிர்ப்பது நல்லது. அந்த நாள் ஏற்கெனவே பாரமானது. வாசகர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலையையும் அதன் மேல் ஏற்ற வேண்டாம். எழுத்து வெளியானபின் அறிமுகமில்லாதவர்கள் தங்கள் இழப்புகளை உங்களுக்கு எழுதி அனுப்பத் தொடங்கலாம். அவை பெரும்பாலும் நீண்ட, மனம் திறந்த கடிதங்களாக இருக்கும். வந்தவுடன் ஒவ்வொன்றாகத் திறக்காமல், வாரத்தில் ஒரு பகற்பொழுதை அதற்கென ஒதுக்கிப் படியுங்கள். பதில் எழுதுவதானால் அறிவுரை தவிர்த்து, அவர்கள் இழந்தவரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.